இறால் ஓடும் இரத்தக் குழாயும்

கொச்சிக்கு வடக்கே, பெரியாறு இரு கிளைகளாகப் பிரிந்து நடுவே விட்டுச் சென்ற தீவு ஏலூர். அவ்வூரை அறிந்தவர்களுக்கு அதன் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவன ஆலைகளே. அங்குள்ள பாக்ட் உரத் தொழிற்சாலை 1947-ஆம் ஆண்டில் அம்மோனியம் சல்பேட்டை உற்பத்தி செய்யத் தொடங்கியது. உப்பு நீரில் மின்சாரத்தைச் செலுத்திக் காஸ்டிக் சோடாவையும் குளோரினையும் பிரித்தெடுக்கும் திருவிதாங்கூர்-கொச்சி ரசாயன ஆலை 1950-களில் அங்கே எழுந்தது. காரம், அமிலம், சல்பேட் ஆகிய சொற்கள் ஏலூர்வாசிகளுக்கு வீட்டுச் சொற்களைப் போலப் பழகிவிட்டன.

இந்த மூன்று சொற்களையும் துணைக்கொண்டு, நம் உடம்பிலுள்ள இரத்தக் குழாய் எதனால் வளர்கிறது, எதனால் வளராமல் நிற்கிறது என்பதைப் பற்றிச் சில செய்திகளை இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஆலைக்கும் இரத்தக் குழாய்க்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். உறவு உண்டு. கொச்சிக் கடற்கரையிலே கழித்துப் போடும் இறால் ஓட்டிலிருந்து அந்த உறவைத் தொடங்கலாம்.

கொச்சியிலிருந்து உறையவைத்த இறாலைக் கப்பலேற்றும் தொழில் 1953-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அதன் பின்னர் கொச்சி முதல் அரூர், சேர்த்தலை வரை இறால் உரிக்கும் கொட்டகைகள் பெருகின. பெண்கள் விடியற்காலையில் அமர்ந்து தலையையும் ஓட்டையும் நீக்கிச் சதையை மட்டும் பிரித்துக் கொடுப்பார்கள். முழு இறாலின் எடையில் ஏறக்குறையப் பாதி இவ்வாறு கழிவாகிவிடும். அது அழுகினால் நாற்றம்; கொட்டினால் நீர் கெடும். இந்தக் கழிவை என்ன செய்வது என்பது கொச்சிக்கு ஒரு பெரிய கேள்வியாக இருந்தது.

மட்டாஞ்சேரிக்கு எதிரே, காயலின் அக்கரையில் உள்ளது வில்லிங்டன் தீவு. அங்கே அமைந்திருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் 1957-ஆம் ஆண்டில் தோன்றியது. அந்நிலையத்து ஆராய்ச்சியாளர்கள் 1970-களில் இக்கேள்விக்கு ஒரு விடையைத் தந்தார்கள். அவர்கள் கையாண்ட முறை எளிதானது. இறால் ஓட்டை முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இடவேண்டும். ஓட்டிலுள்ள சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துவிடும். அடுத்து நீர்த்த காஸ்டிக் சோடாவில் இடவேண்டும்; புரதம் நீங்கிவிடும். எஞ்சி நிற்பது கைட்டின் என்னும் வெண்மையான பொருள். உலர்ந்த ஓட்டில் ஏறத்தாழக் கால் பங்கு இதுதான். இந்தக் கைட்டினை மிகச் செறிந்த காஸ்டிக் சோடாவில் காய்ச்சினால் அது கைட்டோசான் என்னும் வேறொரு பொருளாகிவிடும். கைட்டின் எதிலும் எளிதில் கரையாது. கைட்டோசானோ, சமையலறைப் புளிக்காடி போன்ற மெல்லிய அமிலத்திலேயே கரைந்து கூழாகிவிடும்.

ஒரே பொருள் காரத்தில் கொதித்தமையால் இப்படித் தன்மை மாறிவிட்டது. என்ன நேர்ந்தது? இதை அறியப் பல்சர்க்கரை என்றால் என்னவென்று சற்றுப் பார்க்கவேண்டும்.

சிறு சர்க்கரை மூலக்கூறுகள் பூத்தொடுத்தாற்போல நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஒன்றோடொன்று கோத்து நின்றால் அதற்குப் பல்சர்க்கரை என்று பெயர். விஞ்ஞானிகள் பாலிசாக்கரைடு என்பர். நாம் உண்ணும் சோற்றிலுள்ள மாவுச்சத்தும் ஒரு பல்சர்க்கரை. உடுத்தும் பருத்தி நூலும் ஒரு பல்சர்க்கரை. இரண்டும் குளுக்கோஸ் என்னும் ஒரே சர்க்கரையால் ஆனவை. கோத்த விதந்தான் வேறு. அந்த வேறுபாட்டால் ஒன்று பசியாற்றுகிறது; மற்றொன்றை நம் வயிறு செரிக்கவே மாட்டாது. கைட்டினும் இவற்றின் இனமே. அதன் ஒவ்வொரு சர்க்கரையின் மீதும் ஒரு நைட்ரஜன் அணுவும், அதைப் போர்த்தினாற்போல் அசெட்டைல் என்னும் சிறு தொகுதியும் இருக்கின்றன. காஸ்டிக் சோடா அந்தப் போர்வையை நீக்குகிறது. உள்ளிருக்கும் நைட்ரஜன் தொகுதி வெளிப்பட்டு, மெல்லிய அமிலத்தில் நேர் மின்னேற்றம் பெறுகிறது. அதுவே கைட்டோசான். ரூஜே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1859-ஆம் ஆண்டிலேயே கைட்டினைக் காரத்தில் காய்ச்சி இம்மாற்றத்தைக் கண்டிருந்தார்.

இனி இரத்தத்துக்கு வருவோம். நம் சிவப்பணுக்களின் புறத்தே எதிர் மின்னேற்றம் உண்டு. நேர் மின்னேற்றமுடைய கைட்டோசான் அவற்றை ஈர்த்து ஒன்றுதிரட்டும். ஆகவே காயத்தில் வைத்துக் கட்டினால் இரத்தப்போக்கை நிறுத்தும். போர்க்களத்தில் அடிபட்ட வீரருக்குக் கட்டும் துணிகளில் கைட்டோசான் இடம்பெற்றிருப்பது இதனாலேயே. ஆனால் அதே கைட்டோசானின் மீது, ஏலூர் உழவருக்கு உரமாகத் தந்த அந்தச் சல்பேட்டின் தொகுதியைப் பொருத்திவிட்டால், அது எதிர் மின்னேற்றம் பெற்றுவிடும். சல்பேட் ஏற்றிய கைட்டோசான் இரத்தத்தை உறையாமல் காக்கும் தன்மையுடையது. உல்ஃப்ரம் என்னும் அமெரிக்க அறிஞர் இவ்வாறு சல்பேட் ஏற்றும் முறையை 1959-இல் வெளியிட்டார். ஒரே ஓடு; ஒரு வகையாகத் திருத்தினால் இரத்தத்தை நிறுத்துகிறது, மற்றொரு வகையாகத் திருத்தினால் ஓடவிடுகிறது.

இதுவரை சொன்னது இரத்தத்தைப் பற்றியது. இரத்தம் ஓடுகிற குழாயைப் பற்றியதே என் பேச்சின் நடுப்பொருள். இரத்தக் குழாயின் உட்புறத்தை, ஒரே அடுக்காகத் தளம் பாவியதுபோல, உட்படல உயிரணுக்கள் மூடியிருக்கின்றன. அவற்றுக்குப் புறத்தே தசை உயிரணுக்கள் வளையம் வளையமாகச் சூழ்ந்திருக்கின்றன. புண் ஆறவேண்டுமானால் உட்படல உயிரணுக்கள் பெருகிப் புதிய நுண்குழாய்களை அமைக்கவேண்டும். தசை உயிரணுக்கள் அளவின்றிப் பெருகினாலோ குழாயின் உள்வழி அடைபட்டுவிடும். ஆகவே மருத்துவர் வேண்டுவது ஒன்று வளரவேண்டும், மற்றொன்று அடங்கவேண்டும் என்பதாகும். இரண்டையும் ஒருங்கே செய்யும் பொருள் ஏதேனும் உண்டா?

உண்டு என்று காட்டிய பொருள் ஹெப்பாரின். இதுவும் சல்பேட் செறிந்த பல்சர்க்கரையே; ஆனால் ஆலையில் அன்று, விலங்குகளின் உடம்பிலேயே உண்டாவது. 1916-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜே மக்ளீன் என்ற மருத்துவ மாணவர் இரத்தத்தை உறையச் செய்யும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் கையில் அகப்பட்டதோ உறையாமல் தடுக்கும் பொருள். அவருடைய ஆசிரியர் ஹோவெல், நாயின் ஈரலிலிருந்து எடுத்த அத்தகைய பொருளுக்கு 1918-இல் ஹெப்பாரின் என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் ஈரலுக்கு வழங்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. இன்று பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து அதனை எடுக்கிறார்கள். இருதய அறுவையிலும், சிறுநீரகம் பழுதுற்றோருக்கு இயந்திரத்தால் இரத்தம் சுத்திகரிக்கும் போதும் ஹெப்பாரின் இன்றியமையாத மருந்து.

அறுபது ஆண்டுக் காலம் அதனை இரத்தம் உறையாமைக்கான மருந்தாகவே கருதிவந்தார்கள். 1977-இல் க்ளோஸ், கர்னோவ்ஸ்கி என்னும் இருவர் எலியின் கழுத்து நாடியின் உட்புறத்தைச் சேதப்படுத்திவிட்டு, ஹெப்பாரினைச் செலுத்திப் பார்த்தார்கள். தசை உயிரணுக்களின் வளர்ச்சி குன்றியது. 1981-இல் மற்றொரு செய்தி வெளியாயிற்று. உட்படல உயிரணுக்கள் தாமே ஹெப்பாரினைப் போன்ற ஒரு பொருளைச் சுரந்து, புறத்தேயுள்ள தசை உயிரணுக்களை அடக்கிவைக்கின்றன என்பதே அது. 1983-இல் நடந்த ஆராய்ச்சி இதன் மறுபக்கத்தைக் காட்டியது. மனித உட்படல உயிரணுக்களை உடம்புக்கு வெளியே, ஆய்வுக்கூடத் தட்டில் வளர்ப்பது அதுவரை மிகக் கடினமாயிருந்தது. வளர்ச்சிக் காரணி என்னும் புரதத்தோடு ஹெப்பாரினையும் சேர்த்துக் கொடுத்தபோது அவை தலைமுறை தலைமுறையாகத் தழைத்தன. ஆக, ஹெப்பாரின் ஒருவகை உயிரணுவை அடக்குகிறது. அடுத்திருக்கும் மற்றொரு வகையைத் தழைக்கச் செய்கிறது.

இது எவ்வாறு நிகழ்கிறது? வளர்ச்சிக் காரணி ஓர் ஓலை கொண்டுவரும் தூதனைப் போன்றது. உயிரணுவின் புறத்தே ஏற்பி என்னும் வாயில் இருக்கிறது. தூதன் வாயிலை அடைந்தால்தான் உயிரணு பிரிந்து பெருகத் தொடங்கும். 1984-இல் ஃபோக்மன், கிளாக்ஸ்பிரன் முதலியோர் கட்டியொன்றிலிருந்து கிடைத்த வளர்ச்சிக் காரணியைத் தனியே பிரிக்க முயன்றபோது, அது ஹெப்பாரினை இறுகப் பற்றிக்கொள்வதைக் கண்டு, அந்தப் பற்றையே அதைப் பிரிக்கும் கருவியாக்கினார்கள். 1991-இல் மேலும் தெளிவு பிறந்தது. உயிரணுக்களின் மேற்பரப்பில் ஹெப்பரான் சல்பேட் என்னும் பல்சர்க்கரை இயல்பாகவே இருக்கிறது. அது இல்லாத உயிரணுக்களுக்கு இந்தத் தூதன் வந்தும் பயனில்லை. வாயிலை அவனால் பற்ற முடியவில்லை. வெளியிலிருந்து ஹெப்பாரினைக் கொடுத்ததும் பற்றினான். தூதனைக் கைப்பிடித்து வாயிலில் சேர்க்கும் பணியைப் பல்சர்க்கரை செய்கிறது என்பது இதனால் விளங்கிற்று.

அடுத்து, இப்பொருளில் மிக நுட்பமான கண்டுபிடிப்பைச் சொல்லவேண்டும். சர்க்கரை வளையத்திலுள்ள இடங்களுக்கு ரசாயன அறிஞர்கள் எண் கொடுத்திருக்கிறார்கள். ஹெப்பாரின் தொடரில் சல்பேட் தொகுதிகள் ஒரு சர்க்கரையில் இரண்டாம் இடத்திலும், அடுத்த சர்க்கரையில் நைட்ரஜன் மீதும் ஆறாம் இடத்திலும் அமர்கின்றன. வளர்ச்சிக் காரணியைப் பற்றுவதற்கு இரண்டாம் இடத்துச் சல்பேட்டும் நைட்ரஜன் மீதுள்ள சல்பேட்டும் வேண்டும். பற்றியதை ஏற்பியோடு இணைத்துச் செயற்படுத்துவதற்கு ஆறாம் இடத்துச் சல்பேட்டும் வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் ரசாயன முறையில் ஆறாம் இடத்துச் சல்பேட்டை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். அவ்வாறு திருத்திய ஹெப்பாரின் தூதனைப் பிடித்துக்கொண்டது; வாயிலில் மட்டும் விடவில்லை. வளர்ச்சியைத் தூண்டிய பொருளே வளர்ச்சியைத் தடுக்கும் பொருளாயிற்று.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இதனை விளக்க நம் இலக்கணமே துணை வருகிறது. வளர் என்பது பகுதி. வளர்க என்றால் வாழ்த்து. வளரற்க என்றால் தடை. பகுதி மாறவில்லை, அதனோடு சேர்ந்த சிற்றுறுப்பே பொருளைத் தலைகீழாக்கியது. அரசாங்க ஆணையொன்றைத் தமிழாக்கும்போது, வழங்கலாம் என்பதற்கும் வழங்கலாகாது என்பதற்கும் இடையே உள்ளவை சில எழுத்துக்களே. ஆனால் அந்தச் சில எழுத்துக்களை நம்பி எங்கோ ஓர் ஓய்வூதியக்காரர் காத்திருக்கிறார். பல்சர்க்கரைத் தொடர் பகுதியைப் போன்றது. சல்பேட், அசெட்டைல் முதலிய தொகுதிகள் விகுதியைப் போன்றவை. எந்தத் தொடர் என்று கேட்டால் மட்டும் போதாது. எந்த இடத்தில், எத்தனை தொகுதிகள், தொடர் எவ்வளவு நீளம் என்பவற்றையும் கேட்கவேண்டும்.

நீளமும் பொருளை மாற்றும் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். ஹையலுரோனிக் அமிலம் என்பது நம் மூட்டிலும் கண்ணிலும் தோலிலும் இருக்கும் பல்சர்க்கரை. மூட்டுவலிக்கு ஊசியாகவும் அதனைப் போடுகிறார்கள். இதில் சல்பேட் எதுவும் இல்லை. 1985-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் வெஸ்ட், குமார் முதலியோர் இதனை நொதியால் துண்டாக்கினார்கள். நான்கு முதல் இருபத்தைந்து இரட்டைச் சர்க்கரை வரை நீளமுள்ள சிறு துண்டுகள் புதிய இரத்தக் குழாய்களை முளைக்கச் செய்தன. நெடிய தொடருக்கு அந்த ஆற்றல் இல்லை.

இரத்தக் குழாய் முளைப்பது நன்மையா தீமையா? இடத்தைப் பொறுத்தது. புற்றுநோய்க் கட்டியும் உயிருள்ள பொருளாதலால் அதற்கும் இரத்தம் வேண்டும். புதிய குழாய்கள் வந்து சேராவிட்டால் கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர இயலாது என்ற கருத்தை ஜூடா ஃபோக்மன் 1971-இல் வெளியிட்டார். அப்போது அதை நம்பியவர் சிலரே. 1983-இல் அவர் குழுவினர் ஹெப்பாரினையும் கார்ட்டிசோனையும் சேர்த்துக் கொடுத்து, கோழிக் கருவில் குழாய் முளைப்பதையும் சுண்டெலியின் கட்டிகள் வளர்வதையும் தடுத்துக் காட்டினார்கள். வளர்ச்சிக் காரணியோடு சேர்ந்தால் தூண்டுவதும், கார்ட்டிசோனோடு சேர்ந்தால் தடுப்பதும் ஒரே ஹெப்பாரின்தான் என்பது இங்கே கருதத்தக்கது. துணை மாறியதும் பயனும் மாறிவிட்டது.

ஆனால் தட்டில் கண்டதும் எலியில் கண்டதும் மனிதனில் அப்படியே நிகழும் என்று கொள்ளலாகாது. அடைபட்ட இருதய நாடியைப் பலூன் கொண்டு விரித்த பின்னர் அது மறுபடி சுருங்காமல் ஹெப்பாரின் காக்கும் என்று, எலியில் கண்ட பலனை நம்பி எதிர்பார்த்தார்கள். நோயாளிகளிடம் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. ஈஸ்ட்டிலிருந்து எடுத்த மானான் என்னும் பல்சர்க்கரையில் சல்பேட் ஏற்றிய ஒரு மருந்தைக் கல்லீரல் புற்றுநோய்க்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். பெரிய அளவில் நடந்த சோதனையில் அதுவும் எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. இவற்றைச் சொல்வது மனம் தளர்வதற்காக அன்று. வெற்றிச் செய்தியை மட்டும் கேட்டு மயங்காதிருப்பதற்காகவே.

நம் நாட்டில் இத்துறையில் நடந்த முயற்சியை அறியக் கொச்சியிலிருந்து தெற்கே திருவனந்தபுரம் செல்லவேண்டும். அங்குள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான தொழில்நுட்ப நிலையம் 1980-இல் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. இந்தியாவிலேயே உருவான இருதய வால்வை 1990-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய இடம் அது. அங்கே சந்திர பி. சர்மாவும் அவருடன் உழைத்தவர்களும் கைட்டோசானை உடம்புக்குள் பயன்படும் பொருளாக்குவதுபற்றி நீண்ட காலம் ஆராய்ந்தார்கள். செயற்கை இரத்தக் குழாயின் உட்புறத்தில் மனித உட்படல உயிரணுக்களையே தளம் பாவியதுபோல வளர்க்கும் ஆராய்ச்சியும் அங்கே நடந்தது. இதன் தேவை பெரிது. பருத்த நாடிக்குச் செயற்கைக் குழாய் நன்கு பயன்படுகிறது. ஆறு மில்லிமீட்டருக்கும் குறுகிய நாடிக்கோ அது விரைவில் அடைபட்டுவிடுகிறது. அதனாலேயே இருதய மாற்றுவழி அறுவையில் நோயாளியின் காலிலுள்ள சிரையையோ மார்பிலுள்ள நாடியையோ எடுத்துப் பொருத்துகிறார்கள். சிறு குழாயின் உட்புறம் உயிருள்ள தளமாகிவிட்டால் அந்தக் குறை நீங்கும். அதற்கு உட்படல உயிரணுவைப் பெருக்கித் தசை உயிரணுவை அடக்கும் பூச்சு வேண்டும். நாம் முன்னர்க் கேட்ட கேள்வி இதுவே.

விலங்கின் உடம்பையே நம்பியிராமல் வேறு பல்சர்க்கரைகளைத் திருத்தி ஹெப்பாரினின் வேலையை வாங்கலாமா என்ற முயற்சி பாரிஸ் நகரத்து ஆய்வுக்கூடங்களில் நடந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது டெக்ஸ்ட்ரான். இது நமக்குப் புதிதன்று. வெட்டிய கரும்பை ஆலைக்குக் கொண்டுசெல்லாமல் பல நாள் போட்டுவிட்டால் சாற்றில் ஒருவகைக் கொழகொழப்பு உண்டாகும். நுண்கிருமிகள் சர்க்கரையைத் தின்று உண்டாக்கும் டெக்ஸ்ட்ரானே அது. சர்க்கரை ஆலைக்காரருக்கு அது பகை. அதன்மீது கார்பாக்சி மெத்தில் தொகுதியையும் சல்பேட்டையும் வேண்டிய அளவில் ஏற்றிவிட்டால், அது வளர்ச்சிக் காரணிகளைப் பற்றி, அவை சிதைந்துபோகாமல் காத்துக் கொடுக்கிறது. கண்ணின் கருவிழிப் புண்ணுக்கும் ஆறாத தோற்புண்ணுக்கும் அவ்வகைப் பொருள்கள் ஐரோப்பாவில் வழக்கத்துக்கு வந்திருக்கின்றன.

ஆறாத புண் என்றதும் நீரிழிவுக்காரரின் கால் நினைவுக்கு வரும். நம் குடும்பங்களில் பெரியப்பாவோ அத்தையோ ஒரு விரலை இழந்த கதை இல்லாத வீடு அரிது. அந்தப் புண் ஆறாமைக்கு ஒரு காரணம், நுண்குழாய்கள் அங்கே போதிய அளவு முளைக்காமையே. இதற்கு ஒரு துணை கிடைத்திருக்கிறது. அது பல்சர்க்கரை அன்று; நாம் காப்பியில் இடும் சர்க்கரைதான். அதன் எட்டு இடங்களிலும் சல்பேட் ஏற்றிய பொருள், ஹெப்பாரினைப் போலவே வளர்ச்சிக் காரணியைப் பற்றவல்லது. வயிற்றுப் புண்ணுக்குக் கொடுக்கும் சுக்ரால்ஃபேட் மருந்து இதன் அலுமினிய உப்பே. 2018-இல் வெளியான ஐரோப்பியச் சோதனையொன்றில், இரத்த ஓட்டம் குறைந்த நீரிழிவுக் கால்புண் உடைய 240 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இச்சல்பேட் தோய்ந்த கட்டும், மற்றவர்க்கு அது தோயாத கட்டும் போட்டார்கள். இருபது வாரத்தில் முதற்பிரிவில் நூற்றுக்கு 48 பேருக்கும், மற்றதில் நூற்றுக்கு 30 பேருக்கும் புண் மூடிற்று. எல்லோருக்கும் ஆறிவிடவில்லை என்பது உண்மையே. எனினும் கால் எடுக்கவேண்டுமோ என்ற அச்சத்தில் இருப்பவருக்கு அந்தப் பதினெட்டுப் பேர் வித்தியாசம் சிறிதன்று.

இதே சல்பேட் தீமை செய்த வரலாற்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2007-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2008-இன் தொடக்கத்திலும் அமெரிக்காவில் ஹெப்பாரின் ஏற்றிக்கொண்ட நோயாளிகள் பலருக்கு இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்தது, மூச்சுத் திணறியது, உயிரிழப்புக்களும் நேர்ந்தன. ஆராய்ந்தபோது, மருந்துக்கு மூலப்பொருளாக வந்த ஹெப்பாரினில் வேறொன்று கலந்திருந்தது வெளிப்பட்டது. விலங்குகளின் குருத்தெலும்பிலிருந்து மலிவாகக் கிடைக்கும் காண்ட்ராய்ட்டின் என்னும் பல்சர்க்கரையில், இயற்கையில் இல்லாத அளவுக்குச் சல்பேட்டை ஏற்றியிருந்தார்கள். அந்நாளில் வழக்கிலிருந்த சோதனைகளில் அது ஹெப்பாரினைப் போலவே தோன்றித் தப்பிவிட்டது. பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் பணியாற்றிவந்த ராம் சசிசேகரனும் அவருடன் சேர்ந்தவர்களும் அந்தக் கலப்படத்தின் அமைப்பைத் துலக்கிக் காட்டினார்கள். அதன் பின்னர் ஹெப்பாரினைச் சோதிக்கும் விதிகள் உலகெங்கும் கடுமையாக்கப்பட்டன.

இந்நிகழ்ச்சியில் நமக்கு ஒரு பாடம் உண்டு. அங்கே சேர்ந்தது நஞ்சு என்று பெயர் பெற்ற பொருள் அன்று. பல்சர்க்கரையும் இயற்கையானது, சல்பேட்டும் நம் உடம்பில் உள்ளதே. இரண்டும் சேரக்கூடாத அளவில் சேர்ந்ததே தீங்காயிற்று. ஆகவே இயற்கையிலிருந்து வந்தது என்ற ஒரே காரணத்தால் ஒரு பொருளை நம்புவதும், ரசாயனத்தால் திருத்தியது என்ற ஒரே காரணத்தால் அஞ்சுவதும் அறிவுடைமையாகா. திருத்தம் எத்தகையது, அதனை அளந்தவர் யார், மனிதரிடம் சோதித்த முடிவு என்ன என்று கேட்பதே தக்கது.

இன்று இறால் ஓட்டின் கைட்டோசான் மாத்திரையாகவும் பொடியாகவும் கடைகளில் விற்கிறது. உடல் மெலியும், கொழுப்புக் கரையும் என்று விளம்பரம் செய்கிறார்கள். எடை குறைவது மிகச் சிறிதளவே என்று பல சோதனைகளை ஒருங்கே ஆராய்ந்தோர் கண்டிருக்கிறார்கள். கைட்டோசான் புண்ணை ஆற்றும் என்று ஆய்வுக்கூடச் செய்தி ஒன்றைப் படித்துவிட்டு, வாயில் போட்டுக்கொண்டால் கால்புண் ஆறும் என்று எவரும் கருதவேண்டா. காயத்தின் மேல் வைக்கும் தூய பொருள் வேறு. விழுங்கும் பொடி வேறு. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களும், இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் அதனைத் தொடவே கூடாது. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், இரத்தக் குழாயை வளர்க்கும் என்று சொல்லி விற்கும் எப்பொருளையும் தாமாக உட்கொள்ளலாகாது. வளர்க என்னும் கட்டளை புண்ணுக்கு நன்று. கட்டிக்குச் சென்றால் கேடு.

ஓர் அரிய வாய்ப்பும் நம் கையில் இருக்கிறது. கொச்சியில் ஓடு குவிகிறது. ஏலூரில் காரமும் அமிலமும் கிடைக்கின்றன. வில்லிங்டன் தீவில் ஓட்டைப் பதமாக்கும் கலையையும், திருவனந்தபுரத்தில் இரத்தத்தோடு உறவாடும் பொருளைச் சோதிக்கும் கலையையும் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். கச்சா ஓட்டையும் மட்டமான கைட்டினையும் மூட்டையாக விற்பதோடு நாம் நின்றுவிட்டால், மருந்துத் தரமுள்ள பொருளைப் பிறரிடம் மிகுந்த விலைக்கு வாங்க நேரும். ஓடு ஒன்றுதான், அதிலிருந்து எத்தனை அசெட்டைல் நீங்கியது, எந்த இடத்தில் எத்தனை சல்பேட் ஏறியது, தொடர் எவ்வளவு நீளம் என்பவற்றை ஒவ்வொரு தொகுப்பிலும் மாறாமல் காக்கும் ஒழுங்கே அதனை மருந்தாக்குகிறது. அந்த ஒழுங்கு பொறுமையான உழைப்பால் வருவது. விடியற்காலைக் குளிரில் விரல் விறைக்க இறாலை உரிக்கும் பெண்ணுக்கும், ஆறாத காலைக் கட்டிக்கொண்டு மருத்துவமனை வாயிலில் காத்திருக்கும் முதியவருக்கும் ஒருசேரப் பயன்தரக்கூடிய உழைப்பு அது.